பொட்டலத்துக்கு முன்னால் போகும் சேதி

மெம்பிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றை ஒட்டிச் செல்லும் ஃப்ரன்ட் தெருவுக்கு ஒரு காலத்தில் பருத்தி வரிசை என்றே பெயர். யூனியன் அவென்யூ வந்து சேரும் முனையில் பழைய பருத்திச் சந்தைக் கட்டடம் இன்னும் நிற்கிறது. அதன் கீழ்த்தளம் இப்போது அருங்காட்சியகம். உள்ளே போனதும் முதலில் கண்ணில் படுவது உயரமான விலைப்பலகைதான். வெளியூர்ச் சந்தைகளின் விலை தந்தியில் வந்து சேரச் சேர அதில் எழுதிப் போடுவார்களாம். கீழே தரகர்கள் அண்ணாந்து பார்த்தபடி வாங்குவார்கள், விற்பார்கள். பருத்திப் பொதி கிடங்கைவிட்டு அசைந்திருக்காது. காகிதத்தில் சுற்றிய ஒரு கைப்பிடி மாதிரியும் பலகையில் இருக்கும் விலையும் மட்டும் கைமாறும். அந்தப் பருத்தியைப் பறித்த கறுப்பினக் குத்தகை விவசாயிகள் இந்தப் பலகையைப் பார்த்ததில்லை. கணக்கு நில உடைமையாளரின் புத்தகத்தில் இருந்தது. அவர் சொன்னதுதான் விலை, அவர் சொன்னதுதான் கடன்.

நான் மெம்பிஸுக்கு வந்தது வேறு ஒன்றைப் பார்க்க. ஆனால் இந்தப் பலகை முன்னால் நின்றபோது, வந்த காரியத்துக்கு இதைவிட நல்ல வாசல் கிடைக்காது என்று பட்டது. சரக்கு ஒரு பக்கம், சரக்கைப் பற்றிய சேதி இன்னொரு பக்கம் என்று பிரிந்து ஓடும் வியாபாரம் இந்த ஊருக்குப் புதிதல்ல. சேதி யார் கையில் இருக்கிறதோ அவர் கை ஓங்கும் என்பதும் இந்த ஊருக்குத் தெரியும். அதே ஊரில்தான் பொட்டலம் கொண்டு சேர்க்கும் ஃபெடெக்ஸ் கம்பெனி வளர்ந்தது. அங்கிருந்து அறுநூறு கிலோமீட்டர் வடகிழக்கே, ஒஹையோ ஆற்றங்கரை லூயிவில்லில், அதன் போட்டியாளரான யூபிஎஸ் தன் விமான மையத்தை வைத்திருக்கிறது. இரண்டுக்கும் இடையே காரில் போய்ப் பார்ப்பது என்று கிளம்பியிருந்தேன்.

ஃபெடெக்ஸைத் தொடங்கிய ஃபிரடெரிக் ஸ்மித் மெம்பிஸில் வளர்ந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, கடற்படைத் துருப்பு அதிகாரியாக வியட்நாம் போய்த் திரும்பியவர். 1971-இல் ஆர்கன்சா மாநிலத்து லிட்டில் ராக்கில் தொடங்கிய கம்பெனியை 1973-இல் மெம்பிஸுக்கு மாற்றினார். காரணங்கள் எளியவை. நாட்டின் மக்கள்தொகைக்கு ஏறக்குறைய நடுவான இடம். மூடுபனியாலும் பனிப்பொழிவாலும் அடிக்கடி மூடப்படாத விமான நிலையம். இடம் கொடுக்கத் தயாராக இருந்த நகர நிர்வாகம். 1973 ஏப்ரல் 17 இரவு 14 சிறிய ஃபால்கன் ஜெட்கள் 25 நகரங்களுக்கு 186 பொட்டலங்களைச் சுமந்தன. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் பொட்டலம் முதலில் மெம்பிஸுக்கு வரும்; நள்ளிரவில் பிரித்து அடுக்கி, விடிவதற்குள் திருப்பி அனுப்புவார்கள். பக்கத்து ஊருக்குப் போகும் பொட்டலம்கூட நாட்டின் பாதியைக் கடந்து வந்து திரும்பிப் போவது அன்று பலருக்கும் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. ஒவ்வொரு ஊரையும் மற்ற ஒவ்வொரு ஊருடனும் இணைப்பதைவிட, எல்லா ஊரையும் ஒரே இடத்துடன் இணைத்தால் விமானமும் குறையும், குழப்பமும் குறையும் என்பதுதான் ஸ்மித்தின் கணக்கு. 1975-இல்தான் முதல் லாபம் வந்தது. 1977-இல் விமானச் சரக்குக் கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு பெரிய போயிங்குகள் வந்தன.

இரவு பத்தரைக்கு மேல் விமான நிலையத்தை ஒட்டிய சாலையில் காரை ஓரங்கட்டி நின்றேன். கிழக்கு வானில் ஒரு விளக்கு, அதன் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் மங்கலாக இன்னொன்று. ஒன்று தரையைத் தொட்டதும் வரிசையின் கடைசியில் புதிதாக ஒன்று முளைக்கிறது. பயணிகள் விமான நிலையங்கள் ஓய்ந்து அடங்கும் நேரத்தில் இந்த ஊர் விழிக்கிறது. உள்ளே ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்கு வந்துவிட்டார்கள். வெளியே நின்றே பார்க்க முடிந்தது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. அந்த விளக்கு வரிசையில் வந்துகொண்டிருந்த ஒவ்வொரு பெட்டியைப் பற்றியும், அது தரையிறங்கும் முன்பே, கீழே இருக்கும் கணினிக்குத் தெரியும் என்ற எண்ணம்தான் என்னை அங்கே வெகுநேரம் நிறுத்தியது.

எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் மெம்பிஸுக்குப் பக்கத்தில் காலியர்வில்லில் மென்பொருள் வேலை பார்க்கிறார். ஃபெடெக்ஸின் தொழில்நுட்ப மையம் அந்தச் சிற்றூரில்தான் இருக்கிறது. தெருவில் நடந்தால் தமிழும் தெலுங்கும் காதில் விழும். அவர் வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது, இந்தத் தொழிலின் சூட்சுமம் என்ன என்று கேட்டேன்.

“அண்ணாச்சி, பார்சலு எங்க கெடக்குன்னு தெரிஞ்சாப் போதும், ஒரு நாள் பிந்தினாக்கூட சனம் பொறுத்துக்கிடும். எங்க இருக்குன்னே தெரியாட்டித்தான் போனைப் போட்டு வைவாக” என்றார்.

ஸ்மித் ஏறக்குறைய இதைத்தான் சொல்லிவந்தார்: பொட்டலத்தைப் பற்றிய தகவல், பொட்டலத்தின் அளவுக்கே முக்கியம். சொன்னதோடு நிற்கவில்லை. 1979-இல் காஸ்மோஸ் என்ற மையக் கணினி அமைப்பு வந்தது. 1980-இல் வேன்களுக்குள் சிறு திரைகள் வந்து, அடுத்து எந்த வாசலில் பொட்டலம் எடுக்க வேண்டும் என்று ஓட்டுநருக்குக் காட்டின. 1986-இல் சூப்பர்டிராக்கர் என்ற கைக்கருவி வந்தது. வாங்கும்போது ஒரு ஸ்கேன், நிலையத்தில் ஒன்று, மெம்பிஸில் ஒன்று, சேரும் ஊரில் ஒன்று, வேனில் ஏறும்போது ஒன்று, வாசலில் கொடுக்கும்போது ஒன்று. பொட்டலம் கை மாறும் இடமெல்லாம் ஒரு தடயம் பதிந்தது.

இதன் வியாபார அர்த்தம் பெரியது. மறுநாள் காலை பத்தரைக்குள் என்று வாக்குக் கொடுத்து, தவறினால் பணத்தைத் திருப்பித் தரும் கம்பெனிக்கு, தவறு எங்கே நடந்தது என்று அன்றிரவே தெரிந்தாக வேண்டும். தெரியாத கம்பெனி அந்த வாக்கைக் கொடுக்கவே முடியாது. ஆகவே முதலில் வியாபாரத் திட்டம், பிறகு அதற்கு உதவியாகக் கணினி என்று இங்கே வரிசை கட்டிச் சொல்வது சரியாகாது. அந்த வாக்கே கணினியின் மேல்தான் நிற்கிறது. அதற்குப் பிறகு ஃபெடெக்ஸ் எடுத்த அடி இன்னும் துணிச்சலானது. தன் பெரிய வாடிக்கையாளர்களின் அலுவலகங்களிலேயே கணினியை வைத்து, லேபிளை அவர்களே அச்சிடவும் பொட்டலத்தை அவர்களே தேடிப் பார்க்கவும் வழி செய்தது. 1994-இல் இணையத்தில் யார் வேண்டுமானாலும் எண்ணைத் தட்டிப் பார்க்கலாம் என்று திறந்துவிட்டது. கம்பெனியின் தாமதங்கள் ஊருக்கே தெரியும் என்று அஞ்சியிருக்கலாம். அஞ்சவில்லை. விசாரிக்கும் தொலைபேசி அழைப்புகள் குறைந்தன, நம்பிக்கை கூடியது. பருத்திச் சந்தையின் பலகையை வீதிக்குத் தூக்கி வந்து வைத்த காரியம் அது. இந்த நிறுவனத்தின் வரலாற்றில் என் மனத்துக்கு மிகவும் நெருக்கமான முடிவும் அதுதான்.

எல்லாம் ஏறுமுகமாகவே நடந்ததாக எண்ண வேண்டாம். 1984-இல் ஜாப்மெயில் என்ற சேவை தொடங்கினார்கள். காகிதத்தை விமானத்தில் அனுப்புவதற்குப் பதில், தொலைநகல் கருவி வழியாக அதன் படத்தை அனுப்பி, இரண்டு மணி நேரத்தில் அச்சுப் பிரதியைக் கொண்டு சேர்ப்பது திட்டம். ஆனால் தொலைநகல் கருவி விலை மலிந்ததும் அலுவலகங்கள் தாங்களே வாங்கிக்கொண்டன. 1986-இல் சேவையை மூடியபோது நட்டம் 30 கோடி டாலருக்கும் மேல். சேதியைச் சுமக்கும் கருவி வாடிக்கையாளர் மேசைக்கே வந்துவிட்ட பிறகு, அதை இடையில் நின்று விற்க முடியவில்லை.

இன்னொரு அடி 2017 ஜூன் 27 அன்று விழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் ஃபெடெக்ஸ் வாங்கியிருந்த ஐரோப்பிய நிறுவனம் டிஎன்டி எக்ஸ்பிரஸ். உக்ரைனில் பரவலாகப் பயன்பட்ட ஒரு கணக்கு மென்பொருளின் புதுப்பிப்பு வழியாக நாட்பெட்யா என்ற நாசகார நிரல் பரவி, டிஎன்டியின் கணினிகளை முடக்கியது. விமானங்கள் இருந்தன, லாரிகள் இருந்தன, ஆட்கள் இருந்தார்கள். எந்தப் பெட்டி எங்கே போக வேண்டும் என்பது மட்டும் போய்விட்டது. கையால் எழுதி, கையால் பிரித்து வாரக்கணக்கில் சமாளித்தார்கள். சேதம் ஏறத்தாழ 40 கோடி டாலர். காலியர்வில் தம்பியிடம் இதைப் பற்றிக் கேட்டபோது அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “அது எங்க தொழில்ல எல்லாருக்கும் பாடம், அண்ணாச்சி. பொட்டலம் தொலையறது ஒரு வகை. பொட்டலம் கண்ணு முன்னால இருந்தும் தொலையறது இன்னொரு வகை.”

மெம்பிஸைவிட்டு 40-ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே நாஷ்வில், அங்கிருந்து 65-ஆம் எண்ணில் வடக்கே கென்டக்கி. நாஷ்வில்லைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். நான் காபி குடித்துவிட்டுத் தாண்டினேன். சாலை நெடுக என் பார்வை இரட்டைப் பெட்டி இழுத்துச் செல்லும் லாரிகள் மேலேயே இருந்தது. ஒன்று வெள்ளை, ஒன்று பழுப்பு. பழுப்பு யூபிஎஸ்ஸின் நிறம், நூறு ஆண்டுக்கும் மேலாக.

யூபிஎஸ்ஸின் கதை வேறு மாதிரி. 1907-இல் சியாட்டிலில் ஜிம் கேசி என்ற 19 வயது இளைஞன், ஒரு நண்பனோடு சேர்ந்து, நூறு டாலர் கடனில் தொடங்கிய தூதஞ்சல் கடை அது. கால்நடையாகவும் சைக்கிளிலும் சேதி கொண்டுபோனார்கள். பிறகு பெரிய கடைகளின் பொருள்களை வீடுகளுக்குக் கொண்டு சேர்க்கும் தொழிலாக வளர்ந்தது. கேசிக்குச் சிக்கனம் ஒரு வழிபாடு. ஓட்டுநர் எந்தக் காலை முதலில் படியில் வைக்க வேண்டும், வண்டிச் சாவி எந்த விரலில் தொங்க வேண்டும் என்பது வரை அந்தக் கம்பெனியில் விதி உண்டு. ஃபெடெக்ஸ் கணினியைக் கையில் எடுத்த 1980-களில் யூபிஎஸ் இன்னும் காகிதத்தில்தான் எழுதிக்கொண்டிருந்தது. பின்தங்கிவிட்டோம் என்று உணர்ந்ததும் பணத்தைக் கொட்டிப் பிடித்தது. 1990-களின் தொடக்கத்தில் ஓட்டுநர் கையில் பழுப்பு நிற மின்பலகை வந்தது. வாங்குபவர் அதன் மேலேயே கையெழுத்துப் போட்டார். 1992-இல் அந்தக் கம்பெனியே மேக்ஸிகோட் என்ற குறியீட்டை உருவாக்கியது. நடுவே வட்டங்கள், சுற்றிலும் அறுகோணப் புள்ளிகள், ஒரு அங்குலச் சதுரம். எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும், கன்வேயர் வேகமாக ஓடினாலும், கேமரா அதைப் படித்துவிடும்.

கென்டக்கியின் சிறு ஊர் ஒன்றில் பெட்ரோல் போட நின்றபோது, எதிரே பழுப்பு வண்டி ஒன்று வலப்பக்கம் திரும்பிப் போனது. அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்புறம் ஓடும். இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் எதிரே வரும் போக்குவரத்துக்குக் காத்து நிற்க வேண்டும். எரிபொருள் வீண், விபத்துக்கும் வாய்ப்பு. இயன்றவரை வலப்பக்கமே திரும்பு என்பது யூபிஎஸ் நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கும் நெறி. அந்தச் சின்ன நெறி பெரிய கணிதமாக வளர்ந்ததுதான் ஓரியன் என்ற, ஓட்டுநருக்கு வழி வகுத்துக் கொடுக்கும் கணினி நிரல்.

ஒரு ஓட்டுநருக்கு நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட நிறுத்தங்கள். வெறும் 25 நிறுத்தங்களை எந்தெந்த வரிசையில் போகலாம் என்று எண்ணப் புகுந்தால், 15 என்று எழுதி அதன்பின் 24 இலக்கம் போட வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் சரிபார்க்க எந்தக் கணினியாலும் முடியாது; நல்ல வழியை அண்டிப் போகும் தந்திரம்தான் வேண்டும். ஜேக் லீவிஸ் என்பவர் தலைமையில் பல ஆண்டுகள் உழைத்தார்கள். 2013-இல் பரவலாக நிறுவத் தொடங்கி 2016-இல் அமெரிக்காவின் 55,000 ஓட்டங்களுக்கும் கொண்டுவந்தார்கள். ஆண்டுக்கு 10 கோடி மைல் ஓட்டமும் 1 கோடி கேலன் எரிபொருளும் மிச்சம் என்பது கம்பெனியின் கணக்கு. அதற்காக 2016-இல் ஃபிரான்ஸ் எடல்மன் விருதும் கிடைத்தது. ஒவ்வொரு ஓட்டுநரும் நாளுக்கு ஒரு மைல் குறைத்தால் ஆண்டில் 5 கோடி டாலர் மிஞ்சும் என்று அங்கே சொல்வார்கள். லாபம் சென்ட் கணக்கில் ஊறும் தொழிலில் ஒரு மைலுக்கு இருக்கும் மதிப்பு அது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி அந்த எண்கள் அல்ல. கடைகளில் வாங்கிய வரைபடம் போதவில்லை: எந்தக் கடைக்குப் பின்வாசலில் இறக்க வேண்டும், எந்தத் தனியார் பாதையில் வண்டி போகும் என்பதெல்லாம் அதில் இல்லை. அவற்றைத் தாங்களே சேர்க்க வேண்டியிருந்தது. கணிதப்படி மிகக் குறுகிய வழி தினம் தினம் மாறும். ஆனால் நாள்தோறும் காலை பத்துக்குப் பொட்டலத்தை எதிர்பார்க்கும் கடைக்காரருக்கு அந்த மாற்றம் இடைஞ்சல். ஓட்டுநர்களுக்கு இது முன்பே தெரியும். சற்று நீண்டாலும் நேற்றைப்போல் இருக்கும் வழி சில சமயம் மேல் என்பதைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்த பிறகுதான் ஓரியன் உருப்பட்டது.

லூயிவில் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. முகமது அலி பிறந்த ஊர். விமான நிலையத்துக்கு 2019-இல் அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். அதன் ஓடுபாதைகளுக்கு நடுவே யூபிஎஸ்ஸின் விமான மையமான வேர்ல்ட்போர்ட் கிடக்கிறது. 2002-இல் திறந்து, பிறகு விரிவாக்கிய அந்தக் கூடத்தின் பரப்பு 52 லட்சம் சதுர அடி. மணிக்கு 4 லட்சத்து 16 ஆயிரம் பொட்டலங்களைப் பிரிக்கும் திறன். 155 மைல் நீளத்துக்குக் கன்வேயர்கள். விமானத்திலிருந்து இறக்கும்போது ஒரு மனிதக் கை, மறுபடி ஏற்றும்போது ஒரு மனிதக் கை. இடையில் எல்லாம் கேமராவும் பட்டையும் தள்ளுகட்டையும்தான்.

அந்தக் கைகளில் பல மாணவர்களுடையவை. இரவு வேலைக்கு ஆள் நிற்காமல் கம்பெனி திண்டாடியபோது, 1998-இல் மாநிலமும் லூயிவில் பல்கலைக்கழகமும் சமுதாயக் கல்லூரியும் யூபிஎஸ்ஸும் சேர்ந்து மெட்ரோபாலிட்டன் கல்லூரி என்ற திட்டத்தைத் தொடங்கின. இரவில் பெட்டி தூக்கினால் பகலில் படிப்பு இலவசம். எவ்வளவு பெரிய கணினி வைத்தாலும் நள்ளிரவில் தூக்க ஆள் வேண்டும் என்ற உண்மையை நேராக ஏற்றுக்கொண்ட ஏற்பாடு இது. காலை உணவுக் கடையில், வேலை முடிந்து வந்திருந்த ஒரு மாணவரோடு பேசினேன். கண் சிவந்திருந்தது; பத்து மணிக்கு வகுப்பு என்றார். முன்பு ஒரு வேன் கிடங்கிலும் வேலை பார்த்திருக்கிறார். அங்கே பெட்டிகளின் மேல் ஒட்டும் சிறு லேபிளைப் பற்றி விளக்கினார். எந்த வண்டி, எந்தத் தட்டு என்று அதில் எண் இருக்கும்: 1000 முதல் 8000 வரை. 2003-க்குப் பிறகு வந்த முறை இது. அதற்கு முன் ஏற்றுபவர்கள் நூற்றுக்கணக்கான தெருக்களையும் கதவு எண்களையும் மனப்பாடம் செய்தார்களாம். இப்போது புதிதாக வந்தவர்கூடச் சில நாளில் பழகிவிடலாம்.

மனப்பாடம் செய்தவரிடம் இருந்த அறிவு லேபிளுக்குப் போய்விட்டது என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். தவறு குறைந்தது, நல்லது. ஆனால் அந்த அறிவை வைத்திருந்தவரை மாற்றுவதும் எளிதாகிவிட்டது. ஓட்டுநர் வண்டிகளில் உணரிகள் இருக்கின்றன: சீட் பெல்ட் போட்டாரா, எத்தனை முறை பின்னால் எடுத்தார், கதவு எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று எல்லாம் பதிவாகிறது. பராமரிப்புக்கும் பாதுகாப்புக்கும் அது உதவுகிறது. ஆளைக் கண்காணிக்கவும் உதவுகிறது. இங்கேதான் யூபிஎஸ் தொழிலாளர்களின் டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கத்தின் இடம் முக்கியமானது. 1997-இல் 1 லட்சத்து 85 ஆயிரம் பேர் 15 நாள் வேலைநிறுத்தம் செய்து கம்பெனியை அசைத்த சங்கம் அது. ஜிபிஎஸ் தரும் தகவலை மட்டும் வைத்து முதல் தவறுக்கே ஆளை வேலைநீக்கம் செய்யக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருக்கிறார்கள். 2023 ஒப்பந்தத்தில் ஓட்டுநரை நோக்கித் திரும்பிய கேமரா வேண்டாம் என்பதும் சேர்ந்தது. தகவல் அமைப்பைப் பற்றிய பாடநூல்கள் இந்த வரிகளையும் சேர்த்துப் படிப்பிக்க வேண்டும். எந்தத் தகவலை எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதும் அமைப்பின் வடிவத்தில் ஒரு பகுதிதான்.

கம்பெனியின் பெரிய முடிவுகளும் இன்று இதே தகவலிலிருந்து பிறக்கின்றன. 2020-இல் தலைமைக்கு வந்த கேரல் டோமே, பெரிதாவதைவிட மேம்படுவதே நோக்கம் என்றார். எந்தப் பொட்டலம் எவ்வளவு செலவில் போய்ச் சேருகிறது, எது மிச்சம் வைக்கிறது, எது வைக்கவில்லை என்று தெரியாமல் அந்தப் பேச்சைப் பேசவே முடியாது. 2025 ஜனவரியில், தன் மிகப் பெரிய வாடிக்கையாளரான அமேசானின் பொட்டலங்களை 2026-க்குள் பாதிக்கு மேல் குறைத்துக்கொள்வதாக யூபிஎஸ் அறிவித்தது. ஃபெடெக்ஸ் 2019-இலேயே அமேசானுடன் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டிருந்தது. அதே 2025 ஏப்ரலில் யூபிஎஸ் 20,000 வேலைகளைக் குறைப்பதாகவும் 73 கட்டடங்களை மூடுவதாகவும் சொன்னது. வேண்டாம் என்று தள்ளிய பொட்டலத்தோடு அதைத் தூக்கிய கையும் சேர்ந்தே போகிறது.

இந்த வலையின் ஒரு முனை நம் ஊரிலும் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் யூபிஎஸ் தன் முதல் இந்தியத் தொழில்நுட்ப மையத்தைச் சென்னையில் திறந்தது. சென்னையில் அப்படிப்பட்ட மையம் இருப்பதை அந்த மாணவரிடம் சொன்னேன். அங்கே வேலை பார்ப்பவர்கள் எப்போதாவது ஓர் இரவு இங்கே வந்து பெட்டி ஏற்றிப் பார்த்திருக்கிறார்களா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். வர வேண்டும் என்றார். நிரல் எழுதுபவர்களுக்கு இந்தக் கூடத்தின் டிசம்பர் இரவு தெரிந்திருக்க வேண்டும், எந்த எண் எந்தத் தோளில் வந்து விழுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். சென்னை திரும்பியதும் அந்த மையத்தில் வேலை பார்க்கும் யாரையாவது தேடிப் பிடித்து, அவர் கேள்வியை அப்படியே கேட்பது என்று முடிவு செய்திருக்கிறேன்.